கரைச்செடிக்குச் சமையல்காரன்

ஜூன் 9

படகு மோட்டாரின் வாலில் ஏரிப்பாசி சுற்றிக்கொண்டது. அறுத்தெடுக்கவே காலை முழுதும் போயிற்று. புக்கால்பா நகரச் சந்தைக்குப் போக வேண்டிய வாழைத்தார்கள் கரையிலேயே பழுக்க ஆரம்பித்துவிட்டன. நாலைந்து பழத்தை நானே தின்றேன். நஷ்டத்தைக் குறைக்கத்தான்.

எழுதுவது என் மகள் பெக்காவின் பள்ளி நோட்டில். அட்டையில் ‘பெக்கா, நான்காம் வகுப்பு’ என்று பூப்போட்டு அவளே எழுதியிருக்கிறாள். உள்ளே வெறும் தாள். பள்ளிக்கூடம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. அவள் படகில் கால் வைப்பதில்லை. பிப்ரவரி வெள்ளத்தில், உக்காயாலி ஆற்றின் சுழலருகே உருண்டு வந்த ஒரு மரம் என் படகைக் கவிழ்த்ததிலிருந்து இப்படி. படகுக்கு அடியில் சிக்கியிருந்தவளை முடியைப் பிடித்து இழுத்தெடுத்தேன். உடம்பு வந்துவிட்டது. மற்றது வரவில்லை.

மீன் தின்பதில்லை. கை இரண்டும் எந்நேரமும் தண்ணீரில் ஊறியதுபோல் சில்லென்று இருக்கும். ஊரில் என் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான், அதுவும் நின்றுபோயிற்று. நகரத்தில் நர்சம்மா நன்றாகத்தான் பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை என்று சத்து டானிக் கொடுத்தார். இனிப்பாக இருந்தது. அவள் தொடாததை நான் குடித்துத் தீர்த்தேன். எனக்குச் சத்து கூடிவிட்டது.

இப்போது வறட்சிக் காலம், தண்ணீர் தள்ளிப் போயிருக்கிறது. ஆனால் ஜனவரியில் அது வீட்டுக்கே வரும். மரக்கால்மேல் நிற்கும் வீடு. அடியில், படியில், சுற்றிலும் தண்ணீர். அப்போது இவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஜூன் 17

இனின் மதினி இரண்டாவது தடவையும் பாடிப் பார்த்துவிட்டாள். என் பெண்டாட்டி ரெஷினின் அக்கா. எங்கள் ஊருக்கு ஒனான்யா, அதாவது வைத்தியக்காரி. மறைவானதைக் காட்டும் கொடிச்சாறு குடித்து, நோய் இருக்கும் இடத்தைக் கண்டு, பாட்டால் எடுக்கிறவள். எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறாள். விடிந்ததும் வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

“புள்ள அங்கதான் இருக்கா மாப்ள. சுழலுக்குக் கீழ, முங்குன கிளை ஒண்ணப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் கூப்புட்டா திரும்பிப் பாக்குறா. வர மாட்டேங்குறா.”

“பெரியம்மா குரல் தெரியலையா அவளுக்கு?” என்றேன்.

“தெரியும். தெரிஞ்சுதான் வரல. அம்மா வரட்டும்னு இருக்கா.”

ரெஷின் மரவள்ளியைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. சீவி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “எந்தச் செடி அக்கா?”

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும்: செடி விரதம் இருக்கப்போவது அவளே.

ஜூன் 20

முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஷிப்பிபோ இனத்தில் மாப்பிள்ளை என்றால் வீட்டோட மாப்பிள்ளைதான். பெண்டாட்டி ஊரில் பெண்டாட்டி வீட்டில் நான் ஒரு ஓரமாகக் குடியிருக்கிறேன்.

செடி, செமைன். கரைச்செடி. வெள்ளம் வந்தால் பெரிய மரங்கள் எல்லாம் சாய்ந்து போகும். இது மட்டும் கரை விளிம்பில் வேரைக் கல்லுக்குள் விட்டுக்கொண்டு, தண்ணீர் தலைக்கு மேல் ஓடினாலும் வளைந்து கிடந்து, வடிந்ததும் எழுந்து நிற்கும். ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரி பூ. ஆற்றின் பிடியில் இருக்கிற பிள்ளையை ஆறு அசைக்க முடியாத செடிதான் மீட்கும் என்கிறாள் மதினி.

ரெஷின் கொல்லைக்கு அப்பால் தனிக்குடிலில் இருப்பாள். அந்தச் செடியின் பட்டைச்சாறு குடிப்பாள். உப்பு, சர்க்கரை, மிளகாய், எண்ணெய் கிடையாது. வெறும் வாழைக்காய், சுட்ட சின்ன மீன். யாரும் தொடக்கூடாது. மகளும்தான். புருஷனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படி இருந்தால் செடி அவளிடம் குடியேறும். தன் பாட்டைக் கொடுக்கும். நடுவில் விதி தப்பினால், கொடுக்க வந்ததே திருப்பி அடிக்கும். மேலாற்றில் ஒருத்தி அப்படித்தான் புத்தி கலங்கிப்போனாள்.

“யாரு சமைக்கிறது?” என்றேன்.

“நீதான்.”

“எனக்குச் சமைக்கத் தெரியாதே மதினி.”

“அதனாலதான் உன்னைச் சொல்றேன். ருசியா ஆக்குற கை இதுக்கு ஆகாது.”

சமைக்கிறவனும் பன்றிக்கறி, கள், வாசனைச் சோப்பு எதையும் தொடக்கூடாதாம். சோப்பை விட்டுவிட எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜூலை 3

குடிலுக்கு எதிரே ஒரு வெட்டிய அடிமரம். அதன்மேல் தட்டை வைத்துவிட்டு நான் பத்தடி தள்ளிப் போய்ச் செருமவேண்டும். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்தினவள். பூனைக்கு வைப்பதுபோல் வைக்கிறேன்.

பெக்கா கொல்லை வேலிவரை வருவாள். அங்கேயே நின்று அம்மாவைப் பார்ப்பாள். அம்மா இங்கே பார்ப்பாள். நடுவில் நான் ஏதாவது உளறி இடத்தை நிரப்புவேன்.

ஜூலை 8

உப்பில்லாத வாழைக்காயை நானும் தின்று பார்த்தேன். சுவரை நக்கினால் இதைவிட ருசி.

ஜூலை 21

ரெஷின் இளைத்துக்கொண்டே போகிறாள். கண் மட்டும் பெரிதாகிறது. நேற்றுத் தட்டை எடுக்க வந்தவள் என்னைத் தாண்டி எதையோ பார்த்து லேசாகத் தலையசைத்தாள், வழியில் தெரிந்தவரைக் கண்டால் அசைப்போமே, அப்படி. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கரையோரம் அந்தச் செடிதான்.

காற்று இல்லை. கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜூலை 22

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று அந்தச் செடியைப் போய்ப் பார்த்தேன்.

என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. இதற்காகவா என் பெண்டாட்டி என் கொசுவலையை விட்டுப் போனாள் என்று எரிச்சல் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினேன். “இந்தா, நீ பெரிய ஆளுதான். ஒத்துக்கிறேன். அவளுக்குக் குளிர் தாங்காது, பாத்துக்க. பாட்டுக் குடுக்கிறதா இருந்தா நல்ல பாட்டாக் குடு. என் குரலு மாதிரி குடுத்துராதே.” தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லப்போவதுமில்லை.

ஆகஸ்ட் 6

படகில் நாலு வெள்ளைக்காரர்களைக் கீழாற்று விடுதிக்குக் கொண்டுபோய் விட்டேன். கொடிச்சாறு குடிக்க வந்தவர்கள். பெக்காவைப் பற்றிச் சொன்னதும், உன் மகள் எத்தனை குவளை குடிப்பாள் என்று ஒருவர் கேட்டார். எங்கள் பக்கம் குடிப்பது ஒனான்யா. நோயாளி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். நம்பவில்லை. நானும் வாலிபத்தில் வீம்புக்கு ஒரு தடவை குடித்தவன்தான். அவர்களெல்லாம் அண்டத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தது முந்தின வேளைச் சாப்பாடு.

ஆகஸ்ட் 19

தப்பு நடந்துபோச்சு.

பக்கத்து வீட்டு காஸிமிரோ காட்டுப்பன்றி அடித்து ஒரு தொடையைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்றேன். “சமையல்காரனுக்கு என்னய்யா விரதம்? தின்னுட்டுப் போ. செடி என்ன உன் வாயை மோந்தா பாக்கும்?” என்றான். எத்தனை நாள் சுவரை நக்குவது. பெக்காவும் இளைத்துக் கிடக்கிறாளே என்று மனசுக்குள் அவள்மேல் பழியைப் போட்டுக்கொண்டு தனிச்சட்டியில் உப்புப் போட்டு வேகவைத்தேன். மூன்று துண்டு தின்றேன். ரெஷினுக்கு வாழைக்காயை அவள் சட்டியில்தான் வேகவைத்தேன். கொண்டுபோய் அடிமரத்தில் வைத்துவிட்டும் வந்தேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தேன். ஒரே ஒரு அகப்பை. பன்றியைக் கிண்டினதும் அதுதான், வாழைக்காயை எடுத்ததும் அதுதான்.

மேலாற்றுக்காரி இப்போதும் பன்றிபோல் உறுமுவாளாம். எல்லாம் முடிஞ்சுது, மூணு துண்டுக் கறிக்கு வித்துட்டேன் ரெண்டு பேரையும். மதினி வீட்டுக்கு ஓடினேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் புகையிலைக் குழாயை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடிமரத்தின்மேல் தட்டு அப்படியே இருந்தது. தொடாமல். எறும்புகூட ஏறவில்லை. பழ ஈ ஒன்றுகூட இல்லை. நானே பார்த்தேன்.

“ரெஷினு, சாப்பிடலையா?” என்றாள் மதினி.

உள்ளேயிருந்து ஓலை மறைப்பு வழியாகக் குரல் வந்தது, சாதாரணமாக, மழை வருமா என்று பேசுவதுபோல். “எடுக்கத்தான் போனேன் அக்கா. தலையெல்லாம் ஈரமா ஒரு பொம்பள தட்டுக்கு முன்னால உக்காந்திருந்தா. நான் கை நீட்டுனா அவ கையை வச்சு மறைச்சா. காதுல ரோஸ் நெறத்துல பஞ்சு மாதிரி பூ வச்சிருந்தா. சரி, இன்னைக்கு வேண்டாம் போலன்னு வந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தாளை அங்கயே நிக்கச் சொல்லு. பன்னி நாத்தம் இங்க வரைக்கும் வருது” என்றாள்.

நின்றேன். மதினி தட்டில் இருந்ததை எடுத்துத் தூரக் கொட்டினாள்.

ஆகஸ்ட் 20

வயிற்றுப்போக்கு.

ஆகஸ்ட் 22

இன்னும். மதினி படியில் நின்று சிரிக்கிறாள். “பின்னே, உன்னை மட்டும் சும்மா விட்டுரும்னு நெனச்சியா மாப்ள?” காஸிமிரோ என்னைப் பார்க்க வரவில்லை, கேள்விப்பட்டேன், அவனுக்கும் இதே கதிதான். தொடை கொடுத்த குற்றம்.

அந்தச் செடி இருக்கும் திசையில் கால் நீட்டிப் படுக்க இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. பயமென்றும் சொல்ல முடியாது. கோயிலில் பாதிரியார் நற்கருணை கொடுக்கும்போது சின்ன வயசில் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இது அதைவிடக் கிட்டத்தில்.

செப்டம்பர் 14

இரண்டு அகப்பை செதுக்கினேன். ஒன்றில் பெக்கா கரியால் பூப்போட்டாள். அம்மா அகப்பையாம். பிப்ரவரிக்குப் பிறகு அவள் தானாகச் செய்த முதல் காரியம்.

செப்டம்பர் 30

இன்று தட்டு வைத்துவிட்டுத் திரும்பும்போது குடிலுக்குள் முனகல் கேட்டது. பாட்டு இல்லை. பாட்டைத் தேடுகிற சத்தம். மோட்டார் பற்றிக்கொள்வதற்கு முன்னால் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுப்போமே, அந்த மாதிரி. நின்று கேட்கக்கூடாது. நின்றேன்.

அக்டோபர் 11

ரெஷின் வெளியே வந்தாள்.

மதினி அவள் நாக்கில் ஒரு உப்புக்கல்லை வைத்தாள். ரெஷின் கண்ணை மூடிக்கொண்டாள், கன்னத்தில் தண்ணீர் ஓடியது. உப்பு அவ்வளவு பெரிய பொருள் என்று எனக்கு இதுவரை தெரியாது. அப்புறம் ஊரே அவளைப் பார்க்க வந்தது. நான் வேறு யாரையோ வரவேற்பதுபோல் நின்றேன். இன்னும் பதினைந்து நாள் கழியாமல் யாரும் தொடக்கூடாதாம். எனக்கு மட்டும் இதை மதினி எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னாள்.

கூட்டம் போனபிறகு ரெஷின் என்னைக் கூப்பிட்டாள்.

“செடிகிட்டப் போயி என்னய்யா உளறுனே?”

“யாரு சொன்னா?”

“வேற யாரு சொல்லுவா? உன் குரலு மாதிரி குடுத்துராதேன்னு சொன்னியாமே. ராத்திரி முழுக்க சிரிப்பு. என்னைத் தூங்கவே விடல.” அப்புறம் அவளும் சிரித்தாள். “தொப்பியைக் கழட்டுனது அதுக்குப் புடிச்சிருந்ததாம்.”

இந்த நோட்டை அவள் பார்த்திருக்க முடியாது. இது கூரை இடுக்கில் இருக்கிறது. தவிர, ரெஷினுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. வேறு விளக்கம் இருக்கிறதா என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்தினதும் நல்ல தூக்கம்.

அக்டோபர் 27

நேற்று நடந்ததை எழுதவேண்டும். சரியாக எழுத வருமா தெரியவில்லை. ஏழாம் வகுப்புவரை படித்தவனிடம் இதற்குச் சொல் இருக்காது.

இருட்டியதும் மதினியின் பெரிய குடிலில் உட்கார்ந்தோம். மதினியும் ரெஷினும் ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கொடிச்சாறு குடித்தார்கள். பெக்காவை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். விளக்கை அணைத்தாயிற்று. தவளைச் சத்தம். புகையிலை வாடை. பெக்காவின் சில்லென்ற கை என் கைக்குள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ரெஷின் ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை மதினி மெல்லக் கூடப் பாடித் தாங்கிக் கொடுத்தாள், பற்றிக்கொண்டது. எனக்குத் தெரிந்த ரெஷின் குரல் இல்லை அது. மெல்லிசு, வெகு உயரம், நூல் மாதிரி. ஆனால் அறுந்துபோகாத நூல். சொல்லெல்லாம் மணத்தையும் பூவையும் ஒளி பட்ட கோடுகளையும் பற்றித்தான்; ஆற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன், என் உடம்பு சாய்கிறது. இடப்பக்கமாக. ஏன் சாய்கிறேன்? பிறகு நேராகிறேன். பிறகு வலப்பக்கம், நீண்ட சாய்வு. என் வலக்கை மோட்டார் பிடியைப் பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தது. ஏரி வாய்க்காலைத் தாண்டி ஆற்றில் இறங்குகிற திருப்பம் அது. அதற்கடுத்து மூங்கில் வளைவு. அதற்கடுத்து இடிந்த மர ஆலை, அங்கே அடியில் கட்டை கிடக்கும், வேகத்தைக் குறைக்கவேண்டும். குரல் அங்கே குறைந்தது. அவள் குறைத்தாள்.

படகில் ஏறினால் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவள் ரெஷின். இத்தனை வருஷத்தில் ஒரு வளைவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. மர ஆலைக் கட்டையைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. படகோட்டிகள் அப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட மாட்டோம். அந்த இருட்டில் அவள் ஒவ்வொரு வளைவையும் நான் எடுப்பதைவிட அழகாக எடுத்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் குடிலில் இரண்டு ஒனான்யாக்கள் பாடினார்கள். ஓட்டத் தெரிந்தவன் என்று இருந்தவன் வெறும் பயணி.

கொக்குத் திட்டு. அதற்கப்புறம் சுழல்.

அங்கே பாட்டு நின்றது.

தவளைகளும் நின்றன என்று எனக்கு ஞாபகம். மதினியைக் கேட்டால் தெரியும், கேட்க மனமில்லை. ரெஷின் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அவள் இறங்கிவிட்டாள் என்று புரிந்தது. தண்ணீருக்குள். எவ்வளவு நேரம்? அன்று நான் மூழ்கித் தேடின நேரத்தைவிட அதிகம். ரெஷினு, போதும், வந்துரு, ரெண்டு பேரும் போயிராதீங்க என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மதினி இருட்டிலிருந்து சொன்னாள், “பிள்ளையை இறுக்கிப் புடிச்சுக்க மாப்ள.”

பிடித்தேன்.

பெக்கா மூச்சை இழுத்தாள். முங்கி எழுந்தவர்கள் இழுப்பார்களே, வாய் திறந்து, நெஞ்சு விரிய, அப்படி. அதே கணத்தில் ரெஷினின் பாட்டு எழுந்தது.

திரும்பி வரும் வழி வெகு நீளம். எதிரோட்டம். பெருஞ்சுமை ஏற்றின படகு எப்படி ஊர்ந்து வரும், அப்படி வந்தது அந்தக் குரல். பெட்ரோல் பத்துமா என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். நான் இப்படிப்பட்ட ஆள். ஒவ்வொரு வளைவிலும் நான் சாய்ந்தேன். மூங்கில் வளைவில் கவனித்தேன்: என் மடியில் பெக்காவும் சாய்கிறாள். நான் சாய்ப்பதால் இல்லை. எனக்கு ஒரு நொடி முன்னால்.

வாய்க்கால். ஏரி. நம் கரை. பாட்டு மெதுவாகி, மெதுவாகி நின்றபோது, படகு சேற்றில் முட்டினால் எல்லோருக்கும் ஒரு குலுக்கல் வருமே, அந்தக் குலுக்கல் எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு.

ரெஷின் தவழ்ந்து வந்து பெக்காவின் உச்சந்தலையில் புகையை ஊதினாள். பிறகு அந்த இடத்தைக் கையால் மூடினாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவளைத் தொட்டது அப்போதுதான். “வந்துட்டியா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என் கைக்குள் இருந்த கை சூடாக இருந்தது.

நவம்பர் 5

பெக்கா நன்றாகத் தூங்குகிறாள். ஆனால் கரைப்பக்கம் இன்னும் போவதில்லை. மீன் வைத்தேன், தள்ளிவிட்டாள். மதினியிடம் போய்ப் புலம்பினேன்.

“நீ கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தப்ப, எத்தனை மாசம் கொசுவலைக்குள்ளயே கெடந்தே? நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? வந்தவளுக்கு வீடு பழக வேண்டாமா?”

திரும்பி வந்து, பெக்கா தள்ளிவிட்ட மீனை நானே தின்றேன்.

நவம்பர் 29

மழை பிடித்துக்கொண்டது. ரெஷின் குடிலில் இருந்தபோது பெக்காவுக்கு ஒரு பாவாடை தைத்திருந்தாள். ஓரம் முழுக்க எங்கள் வழக்கப்படி கெனே கோடுகள், கோலம்போல் வளைந்து மடிந்து போகும். இன்று பெக்கா அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே எதையோ முனகினாள். அடுப்படியில் ரெஷினின் கை நின்றது. எதிரோட்டப் பகுதி அது. திரும்பி வருகிற பாட்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் பாவாடையை எட்டிப் பார்த்தேன். மூங்கில் வளைவு இருந்தது. மர ஆலை இருந்தது.

டிசம்பர் 24

தண்ணீர் முதல் படியில்.

ஜனவரி 18

தண்ணீர் வீட்டுக்கு அடியில். நாள் முழுக்க வீட்டுக்கால்களில் சளக் சளக்கென்று சத்தம். பெக்காவின் காதைப் பொத்துவதற்கென்றே நான் பக்கத்தில் படுத்தேன். அவள் தரைப் பலகை இடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் விழித்துக் கிடந்தேன்.

கரைச்செடி முழுவதும் முங்கிவிட்டது. அது இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு சுருக்கம் போட்டு ஓடுகிறது. அந்த வழியாகப் படகு விடும்போது தொப்பியைக் கழற்றுகிறேன். காஸிமிரோவும் கழற்றுகிறான். ஏன் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை.

பிப்ரவரி 11

படகு கவிழ்ந்த நாள். பெக்கா மீன் கேட்டாள். ஆக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பே இல்ல” என்றாள்.

கை பழகிவிட்டது, என்ன செய்ய.

மார்ச் 10

காலையில் எழுந்து பார்த்தால் படிக்காலில் கட்டியிருந்த படகு கண்ணில் படவில்லை. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கயிறு நீளமாக விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் வெள்ளத்தில் படகு மிதந்தது. உள்ளே அந்தப் பாவாடையோடு பெக்கா. சுரைக்குடுவையால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“உன் படகு ஓட்டைப்பா. நீ எல்லாம் ஒரு படகோட்டி. அக்கரை போறதுக்குள்ள முங்கிரும்.”

என் வாய் திறந்திருந்தது என்று பிறகு ரெஷின் சொன்னாள். அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள், பழைய மாதிரி என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு.

இன்று பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நான்காம் வகுப்பு மறுபடியும். கூரை இடுக்கில் இருக்கிற நோட்டு தனக்கு வேண்டும் என்கிறாள். பேர் போட்டிருக்கிறதாமே. அப்பா கொஞ்சம் கிறுக்கியிருக்கிறேன் என்றேன். பரவாயில்லை, மிச்சத் தாள் போதும் என்கிறாள். கீழேயிருந்து கத்துகிறாள், சீக்கிரம் கொண்டா என்று. மோட்டாரை அவளே இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்கிறது.